துருவும் பாலமும்: வன்னிப் பெருநிலப்பரப்பின் இரும்புப் பாலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாலங்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டு நாட்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று பாலம் திறக்கப்பட்ட நாள். மற்றையது அது வீழ்ந்த நாள். திறந்துவைத்தவரின் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். வீழ்த்தியவர் யார் என்பது விவாதப் பொருளாகும். இவ்விரு நாட்களுக்கும் இடையே கிடக்கும் நாற்பது, ஐம்பது, நூறு ஆண்டுகள் வரலாற்றாசிரியரின் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயின், பாலம் பாலமாக நின்று பயன்பட்டது அவ்விடைக்காலத்திலேதான். அக்காலம் முழுவதும் அதனை நிற்கவைத்தவர்கள் சுத்தியலும் கம்பித் தூரிகையும் வர்ணச் சட்டியும் ஏந்திய தொழிலாளர்கள். அவர்கள் நாள்தோறும் எதிர்கொண்ட பகை துரு.

துருவைக் கண்டறிந்து பழுதுபார்க்கும் தொழிலை ஒரு வரலாற்றுப் பொருளாகக் கொண்டு, வன்னிப் பெருநிலப்பரப்பின் பாலங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களே இங்கு வன்னி எனக் கொள்ளப்படுகின்றன. எனினும் தேர்தல் மாவட்ட அமைப்பாலும் போக்குவரத்துத் தொடர்பாலும் வன்னியுடன் இணைந்துள்ள மன்னாரை விலக்கிவிட்டு இப்பொருளை ஆராய்தல் இயலாது. மன்னாரைத் தொட்டதும் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள பாம்பனும் ஆய்வெல்லைக்குள் வந்துவிடுகிறது. ஒரே புகையிரதத் திட்டத்தின் இரு கைகளாக 1914ஆம் ஆண்டில் நீட்டப்பட்டவை அவை என்பதே அதற்குக் காரணம்.

உவர்நிலமும் இரும்பும்

வன்னியை நாம் காட்டு நிலமாகவும் குளத்து நிலமாகவும் நினைத்துப் பழகியுள்ளோம். உள்நாட்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அதன் விளிம்புகள் உவர்நீரால் ஆனவை. வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரியும் சுண்டிக்குளக் கடனீரேரியும் ஆனையிறவின் இருமருங்கும் கிடக்கின்றன. கிழக்கே நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் உள்ளன. ஆகவே வன்னியைப் பிற பகுதிகளோடு இணைக்கும் வழிகளிற் பல உவர்நீரைக் கடந்தே செல்லவேண்டியவை. இணைப்பு எங்கு மிக இன்றியமையாததோ அங்கேயே இரும்பின் ஆயுள் மிகக் குறைவாகிறது என்னும் முரண்பாடு இந்நிலத்தின் அமைப்பிலேயே உறைந்துள்ளது.

துரு என்பது இரும்பின் முதுமை அன்று. அது ஒரு மின்வேதியியற் செயற்பாடு. இரும்பின் மேற்பரப்பில் ஓரிடம் அனோட்டாகவும் மற்றோரிடம் கதோட்டாகவும் தொழிற்படுகின்றன. அனோட்டிலே இரும்பு இலத்திரன்களை இழந்து கரைகிறது. கதோட்டிலே நீரும் ஒட்சிசனும் அவ்விலத்திரன்களை ஏற்கின்றன. இரண்டையும் இணைக்க ஈரப்படலம் ஒன்று வேண்டும். அப்படலத்தில் உப்புக் கரைந்திருப்பின் மின்னோட்டம் எளிதிற் பாய்கிறது. அதற்கும் மேலாக, குளோரைட்டு அயன்கள் இரும்பின்மீது இயல்பாகப் படியும் காப்புப் படலத்தையும் ஊடறுக்கின்றன.

இதனை விளங்கிக்கொள்ள வன்னி வாசகர் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. அங்கு மின்னோட்டத்தைச் செலுத்தி உப்புநீரைப் பிரித்தனர். துருவிலோ, உப்புநீரின் துணையுடன் இரும்பு தானே மின்னோட்டத்தைத் தோற்றுவித்துத் தன்னை அழித்துக்கொள்கிறது. பரந்தனில் உற்பத்திக்குப் பயன்பட்ட அதே உப்பு, சில கல் தொலைவில் இரும்பை உண்ணும் உப்பாகவும் இருந்தது.

பருவகாலங்களும் இதற்குத் துணைபுரிகின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் நீரேரிகளின் ஆழமற்ற பகுதிகள் வற்றி வெண்படலம் பூக்கும். சோளகக் காற்று அவ்வுப்புத் தூளை வாரித் தூலங்களின் இடுக்குகளிற் படியவைக்கும். பின்னர் வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் வந்து அவ்வுப்பைக் கரைக்கும். மழை நேரே விழும் மேற்பகுதிகள் ஓரளவு கழுவப்படுகின்றன. மழை படாத அடிப்பகுதிகளிலும் மூட்டுகளிலும் உப்பு ஆண்டுக்காண்டு சேர்கிறது. எனவே வீதியில் நின்று பார்ப்பவருக்குப் பாலம் நலமாகத் தோன்றும்போதே அதன் அடிவயிறு அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கலாம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்து நனைத்து உலரும் பகுதியில் அரிப்பு மிகக் கடுமையாகும். ஈரமும் உப்பும் ஒட்சிசனும் அங்கே ஒருங்கே தாராளமாகக் கிடைப்பதே காரணம்.

இரும்பு துருவாகும்போது அதன் கனவளவு பல மடங்கு பெருகுகிறது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். இரு தகடுகளுக்கிடையே பிடிக்கும் துரு அவற்றை ஆப்புப்போல விலக்குகிறது. தறையாணிகளின் தலைகளைப் பறிக்கிறது. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பின் சுற்றியுள்ள கொங்கிறீற்று வெடித்து உதிர்கிறது. ஆகவே இரும்புப் பாலத்தை விடுத்துச் சீமெந்துப் பாலம் கட்டிவிட்டால் துரு ஒழிந்தது என்று கொள்வது தவறாகும். அங்கு துரு மறைந்து வாழ்கிறது, அவ்வளவே.

இரும்பு வந்த வழி

வன்னியிற் பெருமளவிலான கட்டுமான இரும்பு குடியேற்ற ஆட்சியோடு வந்தது. அதற்கு முன்னர் ஆறுகளைத் துறைகளில் இறங்கிக் கடந்தனர்; நீரேரிகளைத் தோணியிற் கடந்தனர்; வண்டிப் போக்குவரத்து மழைக்காலத்தில் தடைப்பட்டது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், புகையிரதம் நுழைவதற்குச் சற்று முந்திய வன்னியை அறிய உதவும் முதன்மை ஆவணங்களுள் ஒன்றாகும்.

வடக்குப் புகையிரதப் பாதை இரு முனைகளிலிருந்தும் வளர்ந்தது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடியது. 1905 ஓகஸ்ட் முதலாம் நாள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே முழுப்பாதையும் திறக்கப்பட்டது. வவுனியாக் காடுகளையும் கிளிநொச்சிச் சமவெளியையும் ஊடறுத்து ஆனையிறவைக் கடந்த அப்பாதை, ஓடைதோறும் ஆறுதோறும் மதகுகளையும் பாலங்களையும் வேண்டி நின்றது. 1956 ஏப்பிரல் முதல் யாழ்தேவி ஓடியது இவற்றின் மீதேயாகும்.

இப்பாலங்களின் பொருளாதார அமைப்புக் கவனிக்கத்தக்கது. வடிவமைப்பும் உருக்கும் கடல்கடந்து வந்தன. உள்நாடு அளித்தது உழைப்பு. அவ்வுழைப்பு கட்டும்போது மட்டும் தேவைப்பட்டதன்று. கட்டிய பின்னும் இடையறாது தேவைப்பட்டது. பாலம் நிலையான சொத்து எனக் கணக்கேடுகளில் எழுதப்பட்டது. நடைமுறையில் அது ஆண்டுதோறும் உழைப்பை உண்டு உயிர்வாழும் பொருளாகும். வர்ணம் பூசுவதை நிறுத்திய அன்றே அது அழியத் தொடங்குகிறது. பண்டத்தில் உறைந்துள்ள உழைப்பு கண்ணுக்குத் தெரியாமற் போவதுபோல, நிற்கின்ற பாலத்திலே பராமரிப்பு உழைப்பும் தெரியாமற் போகிறது. பாலம் விழும்போதே அது இல்லாமற்போனமை தெரியவருகிறது.

பாம்பனும் மன்னாரும்

1914ஆம் ஆண்டில் இந்தியாவையும் இலங்கையையும் புகையிரதத்தாலும் நீராவிக் கப்பலாலும் இணைக்கும் திட்டம் நிறைவேறியது. தமிழகக் கரையிலே மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான பாலம் 1914 பெப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. 145 சிறு கண்களும், கப்பல்கள் செல்லும்போது இரு சிறகுகளாக உயரும் ஷெர்சர் வகைக் கண்ணும் அதிலே அமைந்தன. இலங்கைக் கரையிலே மதவாச்சியிலிருந்து பிரிந்து, வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் ஊடாகவும் மடு, முருங்கன் ஊடாகவும் வந்த பாதை, மன்னார்த் தீவுக்குரிய பாலத்தைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. இரு பாலங்களும் ஒரே ஆண்டின; ஒரே உப்புக்காற்றின் கீழ் நின்றவை. ஆனால் இரண்டின் பிற்கால வரலாறும் வேறுவேறு திசைகளிற் சென்றன. இவ்வேறுபாடே நமது பொருளுக்கு மிக முக்கியமானது.

பாம்பனை எடுத்துக்கொள்வோம். அச்சூழல் உலகின் மிகக் கடுமையான அரிப்புச் சூழல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அங்கே துருவோடு பொருதுவது ஒரு நிலையான நிறுவனப் பணியாகியது. அரித்த பகுதிகளைச் சுரண்டி வர்ணம் பூசுதல், நலிந்த உறுப்புகளை மாற்றுதல், தறையாணிகளைச் சோதித்தல் ஆகியன முறைப்படி நடந்தன. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலே உலோக மாதிரிகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பின் வேகத்தை அளந்து வந்தது. அதாவது, துரு ஆய்வுக்கூடத்தின் பொருளாகவும் ஆயிற்று.

1964 டிசெம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் தூலங்களிற் பெரும்பாலானவற்றைக் கடலில் வீழ்த்தியது. கடலடியிலிருந்து தூலங்களை மீட்டெடுத்து 46 நாட்களிற் பாலத்தை மீண்டும் இயங்கச் செய்த பணிக்குப் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பாயிருந்தார். அச்சாதனை இன்றும் பேசப்படுகிறது, பேசப்படவேண்டியதும் ஆகும். ஆயினும் ஒன்றை நாம் வினவலாம். நாற்பத்தாறு நாட்களின் வேலை வரலாறாகியது; நூறு ஆண்டுகளின் வேலை ஏன் வரலாறாகவில்லை? புயல் ஒரு நிகழ்ச்சி. துரு ஒரு போக்கு. நிகழ்ச்சிகளை எழுதப் பழகிய வரலாறு போக்குகளை எழுதத் தயங்குகிறது.

முடிவில் பாம்பனில் துருவே வென்றது எனலாம். 2007இல் அகலப்பாதையாக மாற்றப்பட்ட பின்னரும் பணியாற்றிய அப்பாலத்தின் திறக்கும் கண் அரிப்பினாற் பெரிதும் நலிந்தமையால், 2022 டிசெம்பரிற் புகையிரதச் சேவை நிறுத்தப்பட்டது. 2025 ஏப்பிரல் 6இல் அதனருகே செங்குத்தாக உயரும் கண்ணையுடைய புதிய பாலம் திறக்கப்பட்டது. துருவேறா உருக்குக் கம்பிகளும், பொலிசிலொக்சேன் பூச்சும், முற்றாக உருக்கி ஒட்டப்பட்ட மூட்டுகளும் அதிற் பயன்படுத்தப்பட்டன. பழைய பாலத்தின் நூற்றாண்டு அனுபவம் புதியதன் வடிவமைப்புக்குள் நுழைந்தது என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது. தொடர்ச்சி இருந்தமையால் அறிவு கைமாறியது.

மன்னாரின் கதை இவ்வாறன்று. தனுஷ்கோடி அழிந்த பின்னும் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1984 வரை கப்பல் ஓடியது. பாதையும் பாலமும் பயன்பட்டன. 1990இற் பாலம் தகர்க்கப்பட்டது. மடு ஊடாகத் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் சென்றது 2015 மார்ச் 14இலேயே. கால் நூற்றாண்டு இடைவெளியில் அழிந்தது பாலம் மட்டுமன்று. அதனைப் பராமரித்தோரின் பழக்கமும், எந்த மூட்டு எந்தக் காற்றிலே முதலிற் துருப்பிடிக்கும் என்ற அனுபவ அறிவும் தொடர்ச்சியிழந்தன. பாம்பனில் நூறாண்டுத் துருவால் நேராத அறிவிழப்பு, மன்னாரில் ஒரே வெடியால் நேர்ந்தது.

பழுதுபார்க்கும் தொழில்

துருவைப் பழுதுபார்த்தல் என்றதும் வர்ணம் பூசுதலே பலருக்கு நினைவுக்கு வரும். அது கடைசிப் படி. முதற்படி நோய் அறிதல். அனுபவமிக்க தொழிலாளர் சிறு சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே தளர்ந்த தறையாணியை இனங்காண்பர். இன்று ஒலியலைக் கருவிகள் தகட்டில் எஞ்சியுள்ள தடிப்பை அளந்து சொல்கின்றன. தொடக்கத் தடிப்புக்கும் எஞ்சிய தடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் பதிந்து வந்தாலே அரிப்பின் வேகம் தெரியும். வேகம் தெரிந்தாலே எஞ்சிய ஆயுள் தெரியும். ஆகவே பழுதுபார்த்தலின் முதற் கருவி பதிவேடு எனல் மிகையாகாது.

இரண்டாவது படி, நீரை அகற்றுதல். ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்தில் 1983 யூன் 28இல் மையானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து மூவர் மாண்டனர். அப்பாலத்தை ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் புதுக்கியபோது வடிகால் துளைகள் மூடப்பட்டிருந்தன. வழிந்தோட இடமின்றித் தேங்கிய நீர் மூட்டுகளிற் துருவை வளர்த்தது. பெருகிய துரு, தொங்குதண்டைத் தாங்கிய ஆணியிலிருந்து மெல்ல மெல்லத் தள்ளி விலக்கியது. வடிகாலைத் திறந்து வைத்திருக்க ஒரு தொழிலாளியும் ஒரு கம்பியும் போதும். மாரியில் இலையும் மண்ணும் அடைக்கும் வன்னிப் பாலங்களுக்கு இப்பாடம் முற்றும் பொருந்துவதாகும். அதே நாட்டில் 1967 டிசெம்பர் 15இல் ஒகாயோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் வீழ்ந்து 46 பேர் மாண்ட பின்னரே, பாலங்களைக் காலந்தோறும் சோதித்தல் அந்நாடு முழுவதற்கும் சட்டக் கடமையாயிற்று.

மூன்றாவது, இரும்பைத் தூய்மைப்படுத்துதல். துருவின் மேல் வர்ணம் பூசுவது புண்ணை மூடிக் கட்டுவது போன்றது. கம்பித் தூரிகை மேற்துருவை மட்டும் நீக்கும். மணலையோ உலோகத் துணிக்கைகளையோ காற்றழுத்தத்தால் வீசும்போதே வெள்ளிரும்பு தெரியும். கடலோரங்களில் அதுவும் போதாது. துருக்குழிகளுள் ஒளிந்துள்ள உப்பை நன்னீராற் கழுவி அகற்றாவிடின், புதுப் பூச்சின் கீழேயே துரு மீண்டும் முளைக்கும். முற்காலத்திற் செவ்வீயமே அடிப்பூச்சாயிற்று. அது இரும்பைக் காத்தது. பூசிய தொழிலாளியின் குருதியிலோ நஞ்சாகக் கலந்தது. பழைய பாலங்களைச் சுரண்டுவோர் இன்றும் இவ்வாபத்தை எதிர்நோக்குகின்றனர். தற்காலத்தில் நாகம் செறிந்த அடிப்பூச்சு, எப்பொக்சி இடைப்பூச்சு, பொலியூரித்தேன் மேற்பூச்சு என மூன்று படைகளாகப் பூசுவர். நாகம் இரும்பைவிட எளிதில் இலத்திரனை இழப்பதால், தான் அரிந்து இரும்பைக் காக்கிறது. கப்பல்களின் செப்புத் தகடுகளை இவ்வாறு காக்கலாம் என்பதை ஹம்பிரி டேவி 1824இலேயே எடுத்துக்காட்டினார். நீருள் நிற்கும் உருக்குத் தூண்களுக்கு நாகக் கட்டிகளைப் பிணைத்துவிடும் முறை அதன் வழிவந்ததாகும்.

நான்காவது, இழந்த வலுவை மீட்டல். நலிந்த தூலத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கி, அரித்த பகுதியை வெட்டியகற்றிப் புதுத் தகடு பொருத்துவர். இங்கே அவசரம் கேடு விளைக்கும். நூறாண்டு பழமையான உருக்கில் கந்தகமும் பொசுபரசும் மிகுந்திருக்கலாம். அதனை வெல்டிங் செய்யின் விரிசல் தோன்றும். ஆகவே பழைய தறையாணிகளை நீக்கி, வலுமிக்க மரையாணிகளாற் புதுத் தகட்டை இறுக்குவதே பெரும்பாலும் பாதுகாப்பான வழியாகும். தெறிப்புப் பகுதியில் அரித்த தூண்களுக்குக் கொங்கிறீற்று உறை இடுவர். அல்லது மெழுகூட்டிய பட்டிகளாற் சுற்றிக் கட்டுவர்.

ஸ்கொத்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட போர்த் பாலத்துக்கு வர்ணம் பூசி முடிவதே இல்லை என்பது ஒரு பழமொழியாயிற்று. 2011இல் நிறைவெய்திய பெரும் பூச்சுப்பணி கால் நூற்றாண்டுக்குத் தாங்கும் எனக் கணிக்கப்பட்டது. முடிவிலா வேலை என நகையாடப்பட்ட அதுவே, அப்பாலம் இன்றும் நிற்பதன் இரகசியம். நம்மவரிடையேயும் சான்றுண்டு. மட்டக்களப்பு வாவியின் மீது 1924இல் அமைந்த கல்லடி இரும்புப் பாலம், 2013இல் அருகே புதுப்பாலம் எழும்வரை ஒரு பிரதேசத்தின் போக்குவரத்தையே தாங்கி நின்றது.

பராமரிப்பு அறுந்த காலம்

1990 யூன் மாதத்தில் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதச் சேவை நின்றுபோனது. அதன் பின்னான ஏறத்தாழ இருபதாண்டுகளில் வன்னியின் இரும்பு வேறொரு வாழ்வை வாழ்ந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்களும் கழற்றப்பட்டுக் காப்பரண்களாயின. பாலங்கள் போர்த்தந்திர இலக்குகளாயின. வீழ்ந்த பாலங்களுக்குப் பதிலாகப் பல நாடுகளின் போர்க்களங்களிற் பயன்படுவன, பெய்லி வகைத் தற்காலிகப் பாலங்கள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் டொனால்ட் பெய்லி வகுத்த அவ்வமைப்பு, விரைவாகக் கோத்து விரைவாகக் கழற்றுவதற்கானது. தற்காலிகமானது என்ற பெயரே அதற்குப் பராமரிப்பை மறுக்கும் காரணமாகிவிடுவதும், தற்காலிகம் பல்லாண்டு நீள்வதும் போர்முடிந்த நிலங்களிற் காணும் இயல்பாகும்.

பாலமின்மையின் விலை யாதென மக்கள் நன்கறிவர். ஆனையிறவு வழி மூடப்பட்ட 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகுகளிற் கடந்தனர். அக்கடலிற் கொல்லப்பட்டோர் பலர். 2009 மே மாதத்தில் நந்திக்கடலோரத்து வட்டுவாகல் பாலத்தைப் பெருந்தொகையான மக்கள் எஞ்சிய உடைமைகளோடும் காயப்பட்டோரோடும் கடந்தனர். அது உருக்குப் பாலமன்று. ஆயினும் அதன் சிதைவில் வெடியும் வெள்ளமும் போலவே உவரும் பங்குகொண்டது. அப்பாலத்தை மீளக் கட்டும் வேலை 2025 செப்டெம்பர் 2இலேயே தொடக்கிவைக்கப்பட்டது. பாலத்தைப் பொறியியற் பொருளாக மட்டும் நோக்குவோர் இந்நினைவுகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். ஒரு பாலம் நலிந்தால் நோயாளியும் கருவுற்ற பெண்ணும் மீன்கூடையுடன் சந்தைக்குச் செல்பவரும் சுற்றுவழி போகவேண்டியவராவர்.

போர்க்காலத்தின் அழிவுகள் அனைத்தையும் குண்டின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் இருபதாண்டு வர்ணம் பூசாமை, வடிகால் திறக்காமை, சோதனை செய்யாமை ஆகியனவும் அழிவுகளே. குண்டு விழுந்த நாளைச் செய்தித்தாள் குறித்தது. வர்ணம் பூசப்படாத நாட்களைக் குறித்தவர் இலர்.

மீளமைப்பும் எழும் வினாக்களும்

2009க்குப் பின் மீளமைப்பு விரைவாக நடந்தது. 2010இல் மன்னாருக்குப் புதிய வீதிப்பாலம் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் பூநகரியையும் கேரதீவையும் இணைத்து 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் ‘பாதை’ எனப்பட்ட மிதவையில் மக்கள் அந்நீரைக் கடந்ததுண்டு. இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் புகையிரதப் பாதையை மீளமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி மீண்டும் சென்றது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் முற்போக்குச் சிந்தனையாளர் இங்கே எழுப்பவேண்டிய வினாக்கள் உள.

முதலாவது, நிதியின் இயல்பு பற்றியது. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், காப்பதற்குக் கிடைப்பதரிது. கட்டுமானம் மூலதனச் செலவாகவும் பராமரிப்பு மீண்டெழும் செலவாகவும் கணிக்கப்படுகின்றன. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது பின்னையதே. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை நிறுத்திய ஒரு நாட்டில், இறக்குமதியாகும் பூச்சும் கருவியும் எளிதிற் கிட்டுவன அல்ல. துருவோ வரவுசெலவுத் திட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. உரிய காலத்திற் செய்யும் பூச்சுவேலையைத் தள்ளிப்போட்டால் தகடு மாற்றவேண்டி வரும்; அதனையும் தள்ளிப்போட்டால் பாலத்தையே மாற்றவேண்டி வரும். அப்போது மீண்டும் கடன், மீண்டும் திறப்புவிழா. பராமரியாமை புதிய கடனைப் பெற்றெடுக்கிறது.

இரண்டாவது, பொறுப்பின் சிதறல் பற்றியது. 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபை தேசிய வீதிகளின் பாலங்களுக்குப் பொறுப்பு. மாகாண வீதிகளுக்கு மாகாண நிருவாகம். சிறு வீதிகளுக்குப் பிரதேச சபைகள். தண்டவாளப் பாலங்களுக்குப் புகையிரதத் திணைக்களம். குளங்களின் இரும்புக் கதவுகளுக்கு நீர்ப்பாசன நிருவாகங்கள். அவற்றின் கணக்குகள் வேறு, உப்புக்காற்று ஒன்று. ஒரு நிறுவனம் கண்டறிந்த அரிப்பின் வேகம் மற்றதற்குப் பயன்பட வேண்டுமாயின் பொதுப் பதிவேடு ஒன்று இருத்தல் அவசியம்.

மூன்றாவது, அறிவின் உள்ளூராக்கம் பற்றியது. குடியேற்றக் காலத்தில் வடிவமும் உருக்கும் வெளியிலிருந்து வந்தன. இன்றும் பெரும்பாலும் அவ்வாறே. ஆனால் துரு உள்ளூர்த் தன்மை உடையது. சோளகத்தின் உப்பு, நீரேரியின் ஆழமின்மை, மாரியின் ஈரம் ஆகியவை கூடி ஒவ்வோரிடத்துக்கும் ஒவ்வொரு அரிப்பு வேகத்தைத் தருகின்றன. இதனை அளக்க அரிய கருவிகள் வேண்டா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலே உள்ளது. ஆனையிறவும் பூநகரியும் அதற்கு அண்மையன. மண்டபத்தில் நடந்ததுபோல, நிறையறிந்த உருக்குத் தகடுகளை நீரேரிக் கரைகளில் நிறுத்தி ஆண்டுதோறும் நிறுத்துப் பார்த்தாலே வன்னிக்கான அரிப்பு வரைபடம் ஒன்று உருவாகும். அதனோடு, ஓய்வுபெற்ற ஓவசியர்கள், புகையிரதப் பாதைத் தொழிலாளர்கள், பாதை ஓட்டியோர் ஆகியோரின் வாய்மொழி அனுபவங்களைத் தொகுத்தல் வரலாற்றுத் துறையின் கடமையாகும். அத்தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து, வன்னியின் பாலங்கள் இரு வகை அழிவுகளைக் கண்டன எனலாம்: வெடியின் அழிவு, கைவிடலின் அழிவு. முன்னையது பேரோசையோடு வந்தது, அதனை எழுதியுள்ளோம். பின்னையது ஓசையின்றி வந்தது. அதனை இன்னும் எழுதவில்லை. முன்னையது ஓய்ந்துவிட்டது, பின்னையது, புதிய பாலங்கள் திறக்கப்பட்ட மறுநாளே அவற்றின் அடிப்புறத்திலே தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அடுத்த திறப்புவிழாவைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர், பந்தலிலிருந்து இறங்கிப் பாலத்தின் கீழும் சென்று பார்ப்பாராக. அங்கே வர்ணச் சட்டியோடு ஒரு தொழிலாளி நின்றால் அப்பாலத்துக்கு வரலாறு உண்டு. அவர் இல்லையெனின் அதற்குத் தொடக்கமும் முடிவும் மட்டுமே உண்டு.